நாவலப்பிட்டியில் பிறந்த நாடோடி மன்னன்

ரத்தோட்டையில் உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவர் ஒருவர் நமக்குக் கடிதம் விடுத்துள்ளார். எம்.ஜி.ஆர். நம் மலைநாட்டிற் பிறந்தவர் என்று அவருடைய பாட்டியார் அடிக்கடி சொல்வாராம். நண்பர்களோ அது வயதானவர்களின் கற்பனை என்று நகைக்கிறார்களாம். உண்மையை எழுதும்படி கேட்கிறார்.

பாட்டியார் சொல்வதே உண்மை. மருதூர் கோபாலமேனன் இராமச்சந்திரன், 1917ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் திகதி நாவலப்பிட்டியிற் பிறந்தார். கண்டியிற் பிறந்தார் என எழுதுவோரும் உளர். நாவலப்பிட்டி கண்டி மாவட்டத்தைச் சேர்ந்த ஊராதலின் அதிலும் பெரும் பிழையில்லை. மாத்தளையிற் புகையிரதம் ஏறிக் கண்டியை அடைந்து, பேராதனை வழியாகக் கம்பளையைக் கடந்தால் நாவலப்பிட்டி வந்துவிடும். ஒரு பகற்பொழுதுப் பயணந்தான். கடிதம் எழுதிய அன்பர் தம் நண்பர்களையும் ஒருமுறை அழைத்துப் போய் வரலாம்.

ஆனால், பிறந்தார் என்பதோடு அந்தப் பெருமை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். பாலக்காட்டுப் பக்கத்து மலையாளக் குடும்பம் அது. குழந்தை தளர்நடை பயிலும் பருவத்திலேயே தந்தையார் காலமானார். தாயார் சத்தியபாமா, சக்கரபாணி, இராமச்சந்திரன் என்னும் இரு புதல்வர்களையும் கூட்டிக்கொண்டு இந்தியாவுக்குத் திரும்பிக் கும்பகோணத்திற் குடியேறினார். அங்கே பள்ளிப் படிப்பு நீடிக்கவில்லை. வீட்டில் அடுப்பெரியாத நாட்கள் பல. அண்ணனும் தம்பியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கொம்பனியில் நடிகர்களாகச் சேர்ந்தார்கள். கலையார்வம் இருந்திருக்கலாம், ஆனால் அந்நாளில் நாடகக் கொம்பனியிற் பிள்ளைகளைச் சேர்த்த ஏழைத் தாய்மார் முதலில் எண்ணியது வேளைக்குச் சோறு கிடைக்கும் என்பதைத்தான். ஆகவே அந்த நடிகரை ஆக்கியது நாவலப்பிட்டியின் மலைக்காற்று அன்று. கும்பகோணத்துப் பசியும், நாடகக் கொட்டகையின் கண்டிப்பான பயிற்சியுமே ஆகும்.

அவருடைய முதற்படத்தைப் பற்றி ஒரு விந்தையைச் சொல்ல வேண்டும். 1936இல் வெளியான "சதி லீலாவதி" அது. கதை எஸ்.எஸ்.வாசனுடையது; இயக்கியவர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர்.டங்கன். கதாநாயகன் எம்.கே.ராதா. எம்.ஜி.ஆருக்குக் கிடைத்தது ஒரு பொலீஸ் இன்ஸ்பெக்டர் வேடம், சிறியதே. விந்தை அதுவன்று. கதையின் நாயகன் மதுவுக்கு அடிமையாகி, கொலை செய்துவிட்டதாக அஞ்சி ஊரைவிட்டு ஓடுகிறான். எங்கே ஓடுகிறான்? இலங்கைக்கு! இங்கே ஒரு தேயிலைத் தோட்டத்திற் கூலியாகச் சேர்கிறான். தோட்டத் தொழிலாளர் படும் பாட்டைத் தமிழ்ப் படமொன்று காட்டிய மிகப் பழைய உதாரணங்களுள் இதுவும் ஒன்று. மலைநாட்டிற் பிறந்து அதை விட்டுச் சென்ற குழந்தை, பத்தொன்பதாம் வயதில் முதன்முதலாகத் திரையில் தோன்றியபோது, அந்தப் படத்தின் கதை மலைநாட்டுக்கே வந்து நின்றது.

தலைமறைவாக வாழ ஓர் இடம் தேவைப்பட்டபோது அக்காலத்துத் தமிழ்க் கதாசிரியருக்கு இலங்கைத் தோட்டம் நினைவுக்கு வந்திருக்கிறது. மாத்தளை வாசகர்களுக்கு இதில் ஒரு வேதனை இருக்கும். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாகத் தம்புள்ளை, நாலந்தா என்று நடந்து வந்த நம் முன்னோர் ஒரு குற்றத்துக்கும் அஞ்சி ஓடி வந்தவர்கள் அல்லர். கங்காணியின் சொல்லை நம்பிக் குடும்பத்தோடு வந்தவர்கள். வழியில் நோய்க்கும் விலங்குக்கும் இரையானவர் போக எஞ்சியோர் மாத்தளையை அடைந்து உயிர் பிழைத்தோம் என்று முத்துமாரியம்மனைத் தொழுத பின்னரே மலையேறினர் என்பது நாம் வழிவழியாகக் கேட்டு வரும் செய்தி. அந்த நடைக்கு எந்தப் படத்திலும் ஒரு காட்சி கிடைத்ததாக நமக்கு நினைவில்லை.

நிற்க. "சதி லீலாவதி"க்குப் பின் பதினொரு ஆண்டுகள் அவர் துணை வேடங்களிலேயே காலம் கழித்தார். இன்று ஒரு படம் ஓடாவிட்டால் மனமொடிந்து போகும் இளம் நடிகர்கள் இந்தப் பதினொரு ஆண்டுகளை எண்ணிப் பார்க்கலாம். 1947இல் ஜுபிடர் பிக்சர்ஸ், ஏ.எஸ்.ஏ.சாமியின் இயக்கத்தில் "ராஜகுமாரி"யை வெளியிட்டபோதுதான் அவர் கதாநாயகரானார். அப்போது அவருக்கு வயது முப்பது. வசனப் பகுதியிற் பணியாற்றியவர் இளைஞர் மு.கருணாநிதி. பின்னாளில் இருவரும் முதலமைச்சராகப் போகிறார்கள் என்று அந்தப் படப்பிடிப்பில் எவர் நினைத்திருப்பார்? பின்னர் "மந்திரி குமாரி", "மர்மயோகி", 1954இல் "மலைக்கள்ளன்", 1956இல் வண்ணத்தில் வந்த "அலிபாபாவும் 40 திருடர்களும்", அதே ஆண்டில் "மதுரை வீரன்" என்று அவர் ஏறிய படிகளை வாசகர்கள் அறிவர். 1958இல் தாமே தயாரித்து இயக்கி இரட்டை வேடத்தில் நடித்த "நாடோடி மன்னன்" தோற்றிருந்தால் அவர் கையிலிருந்த அனைத்தும் போயிருக்கும்.

நடிப்பைப் பொறுத்தமட்டில், சிவாஜி கணேசனோடு அவரை ஒப்பிட்டு வாதிடும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் ஓயவில்லை. நம் கருத்தை மறைப்பானேன்? முகபாவத்திலும் வசன உச்சரிப்பிலும் சிவாஜிக்கு ஈடாக அவரைச் சொல்ல இயலாது. 1971இன் "ரிக்ஷாக்காரன்" படத்துக்காக அவருக்கு இந்திய அரசின் சிறந்த நடிகர் விருது கிடைத்தபோதும் சர்ச்சை எழத்தான் செய்தது. அவருடைய திறமை வேறு வகையைச் சேர்ந்தது. வாட்போரும் சிலம்பமும் கற்ற உடலின் மிடுக்கு, தாயைப் போற்றி மதுவையும் புகையையும் தொடாத நாயகனாகவே திரையில் விளங்குவதென்ற உறுதி, தம்மைப் பார்க்க வருபவன் எவன் என்பதில் ஒருபோதும் தவறாத அறிவு. பார்க்க வந்தவன் அன்றைக்கு உழைத்துக் களைத்தவன். அவனுக்காகவே அவர் தொழிலாளியாகவும், படகோட்டியாகவும், விவசாயியாகவும், ரிக்ஷா இழுப்பவராகவும் வந்தார்.

நாம் சிறுவராயிருந்தபோது மாத்தளைக்கு "எங்க வீட்டுப் பிள்ளை" வந்தது. சம்பளம் போட்ட வாரம். மேற்பிரிவு லயத்திலிருந்து பெரியவர்களும் பிள்ளைகளுமாகப் பத்துப் பதினைந்து பேர் புறப்பட்டோம். பெண்கள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு, சேலையை மாற்றிக்கொண்டு வந்தார்கள். சாட்டையை எடுத்து அவர் வில்லனை விளாசும் கட்டத்தில் கொட்டகையே எழுந்து நின்றது. இரவு தீப்பந்தம் பிடித்து மலையேறும்போது நம் மாமா ஒருவர் வழி நெடுக ஒன்றும் பேசவில்லை. அன்று காலைதான் அவர் தோட்டத்தில் ஏதோ ஓர் அற்பக் குறைக்காகப் பேச்சு வாங்கியிருந்தார் என்பது நமக்குப் பிறகு தெரிந்தது.

அக்காலத்தை நினைவிற் கொண்டால்தான் "அவர் நம்ம ஊர்க்காரர்" என்ற சொல்லின் கனம் விளங்கும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. இன்னும் 150,000 பேரின் கதியைப் பின்னர் பார்த்துக்கொள்வதென்று விட்டது. யார் எந்தப் பக்கம் என்று லயங்களில் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. அதற்கு ஓராண்டின் பின், 1965 ஒக்டோபரில், எம்.ஜி.ஆரும் சரோஜாதேவியும் இலங்கைக்கு வந்தார்கள். போன இடமெல்லாம் மக்கள் வெள்ளம். இங்கே பிறந்ததனால் அவருக்கு எந்த உரிமையும் தேவைப்படவில்லை. விருந்தாளியாக வந்து மாலையேற்றுத் திரும்பினார். அவரைக் காணத் தெருவோரம் நின்றவர்களுக்கோ, இங்கே பிறந்தோம் என்பதைத் தவிர வேறு உடைமை இருக்கவில்லை. அந்த ஒன்றும் செல்லாது என்று சட்டம் சொல்லிவிட்டது. அதே மண்ணிற் பிறந்த ஒருவரை உலகமே ஏற்றுக்கொண்டிருந்ததால் அவர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள் என்பது நம் எண்ணம்.

பின்வந்த கதையை விரிக்க இங்கே இடமில்லை. 1967 ஜனவரி 12இல் எம்.ஆர்.ராதா சுட்டதில் குண்டு கழுத்திற் பாய்ந்து குரல் மாறிற்று. பிறர் குரலை இரவல் வாங்காமல், அந்த உடைந்த குரலோடேயே பின்னும் பத்தாண்டுகள் நாயகராக நடித்தார். 1972இல் புதிய கட்சி கண்டார். 1977 ஜூன் 30இல் தமிழ்நாட்டின் முதலமைச்சரானவர், 1987 டிசெம்பர் 24இல் மறையும்வரை, 1980இல் ஆட்சி கலைக்கப்பட்ட சில மாதங்கள் தவிர, அப்பதவியிலேயே இருந்தார். அந்த ஆட்சியைக் குறை கூறுவோர் பலர். கூறக் காரணங்களும் உண்டு. ஆனால் 1982இல் பள்ளிப் பிள்ளைகளுக்கான சத்துணவுத் திட்டத்தை அவர் விரிவுபடுத்தியபோது, கும்பகோணத்தில் தாம் அறிந்த பசியையே காரணமாகச் சொன்னார். அதை நடிப்பென்று நாம் கொள்ளவில்லை.

இனி, ரத்தோட்டை மாணவருக்கு ஒரு செய்தி. 2003இல் இந்திய வம்சாவளியினர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியபோது, தோட்டத்து முதியோர்க்கு உறுதிமொழிப் பத்திரங்களை நிரப்பிக் கொடுக்க நாமும் சில நாட்கள் போயிருந்தோம். 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வசித்ததாக அவர்கள் உறுதி கூற வேண்டும். பலருக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. ஆண்டுக் கணக்கும் தெரியாது. ஒரு மூதாட்டியிடம், அந்தத் திகதிக்கு முன்பே இங்கிருந்தீர்களா என்று கேட்டோம். திகதி அவருக்கு விளங்கவில்லை. சற்று யோசித்தார்.

"எம்.ஜி.ஆர். வந்தாரே தம்பி, அப்ப எம் மூத்தவன் ஓடியாடித் திரிஞ்சான். வெரட்டிப் பிடிக்க முடியாது. இந்த லயத்துலதான் பெத்தேன். நீங்களே கணக்குப் பாத்துக்கங்க."

பார்த்தோம். 1965 ஒக்டோபரில் ஓடித் திரிந்த பிள்ளைக்கு ஒரு வயது கடந்திருக்க வேண்டும். கணக்கு ஒத்து வந்தது. பத்திரத்தை நிரப்பி அவர்முன் நீட்டினோம். மை தோய்ந்த பெருவிரலை அழுத்தி ஊன்றினார்.