அப்பம்மா கண்டெடுத்த கோது

போன சனிக்கிழமை வோஷிங் மெஷினுக்குள் ஏதோ கலகலவென்று சத்தம். அம்மா கையை விட்டு எடுத்தா: விரல் நீளத்தில் ஒரு பித்தளைக் கோது. ஒன்பது வயது மகனின் காற்சட்டைப் பைக்குள் இருந்தது.

"இது எங்கால வந்தது?" என்று கேட்டவ, பிறகு கதைக்கவே இல்லை. யாழ்ப்பாணத்தில் சண்டை ஓய்ந்த காலையில் கோது பொறுக்க ஓடிய பிள்ளைகளை அதட்டிக் கலைச்ச மனுசி. அவவுக்கு அது விளையாட்டுச் சாமான் இல்லை.

கொடுத்தவர் என்னோடு வேலை செய்யும் ஒரு கியூபெக்காரர். ஒவ்வொரு இலையுதிர்காலமும் மூஸ் வேட்டைக்குப் போவார், எங்களுக்கும் இறைச்சி தருவார். திங்கட்கிழமை மதியம் அவரிடம் கேட்டேன்: "மூஸுக்கு எந்தத் தோட்டா நல்லது?" எங்கட ஆக்களிடம் எந்தக் கடைக் கொத்துரொட்டி நல்லது என்று கேட்ட மாதிரி. மனுசன் நிற்பாட்டவே இல்லை.

அநேகம் பேர் பாவிப்பது 1906இல் அமெரிக்க இராணுவத்துக்கு வந்த .30-06. சன்னம் 11.7 கிராம், வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 820 மீற்றர், சக்தி 3,900 ஜூல். ஆண் மூஸ் 400, 500 கிலோ வரும் என்பதால் சிலர் நடுத்தர விட்டத் தோட்டாவுக்கு மாறுவார்கள். .35 வீலன் என்பது அதே .30-06 கோதின் கழுத்தை அகலமாக்கியது: 16.2 கிராம், 730 மீற்றர், 4,300 ஜூல். பெர்லினில் ஒட்டோ பொக் 1905இல் செய்த 9.3×62இல் 18.5 கிராம், 720 மீற்றர், 4,800 ஜூல். 1958இல் வந்த .338 வின்செஸ்டர் மேக்னம் 5,300 ஜூலைத் தொடும்.

"அப்ப .338 தானே வெற்றி?" என்றேன். இல்லையாம். அது தோளில் விடுகிற உதை பெரிது. உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுட்டால் சன்னம் வயிற்றில் படும். மிருகம் காட்டுக்குள் ஓடி, மணிக்கணக்கில் துடித்துச் சாகும். அவர் வைத்திருப்பது வீலன்.

சன்னத்தின் அமைப்பும் முக்கியமாம். 1946இல் ஜோன் நோஸ்லர் என்ற அமெரிக்கர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மூஸைச் சுட்டார். வேகமான தோட்டாதான், ஆனால் சன்னம் ஆழமாக இறங்காமல் நொறுங்கிப்போனது. அதற்குப் பிறகு அவர் நடுவில் தடுப்பு வைத்த சன்னம் செய்தார். முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் உள்ளே போகும்.

எங்கட நண்பர் தோட்டாவைத் தானே நிரப்புகிறவர். சுட்ட கோதைக் கழுவி, அளவு திருத்தி, புது பிரைமர் வைத்து, மருந்தை நிறுத்துப் போட்டு, சன்னத்தைப் பொருத்துவார். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், எல்லாம் கொப்பியில். நாங்கள் கோடில் பிழை தேடுவது போலத்தான். ஆனால் இங்கே பிழைத்தால் துவக்கு வெடிக்கும். அதனால் கையேட்டில் உள்ள உச்ச அளவை அவர் தாண்டமாட்டார்.

அவர் போடுவது செம்புச் சன்னம். ஈயச் சன்னம் உடைந்தால் கண்ணுக்குத் தெரியாத துணிக்கைகள் இறைச்சியில் பரவும். அது சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கூடாது. வேட்டை இறைச்சி கிடைத்தால் நீங்களும் இதைக் கேளுங்கள். இன்னொன்று: மூஸ் ஈரலும் சிறுநீரகமும் வேண்டாம், கட்மியம் சேர்ந்திருக்கும் என்று கியூபெக் அரசே சொல்கிறது. ஈரல் பிரட்டலுக்கு ஆட்டீரல் போதும்.

இரவு எல்லாவற்றையும் அம்மாவுக்குச் சொன்னேன். ஜூல் கணக்கை அவ காதில் போடவில்லை. "அப்ப அந்த மனுசன் அது துடிக்கக்கூடாது எண்டுதான் இவ்வளவு பாடுபடுறானோ?" என்று மட்டும் கேட்டா. பிறகு பேரனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, தன் வளவில் கிடந்த கோதுகளைப் பற்றிச் சொன்னா. எனக்கே அவ சொல்லாத கதை. அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அடுத்த நாள் அவனே கோதை என்னிடம் தந்தான்: "அவரிட்டக் குடுங்கோ அப்பா. அவர் திரும்பப் பாவிக்கலாம் தானே."

இங்கே வளரும் எங்கட பிள்ளைகளின் நண்பர் வீடுகளில் துவக்கு இருக்கலாம். குண்டு ஏற்றாமல், பூட்டி வைக்க வேண்டும் என்பது கனடாச் சட்டம். பிள்ளையை இரவு தங்க விடுமுன் "துவக்கு இருக்கா? பூட்டியிருக்கா?" என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். நான் கேட்டபோது நண்பர் கோபிக்கவில்லை. அலுமாரிப் பூட்டைப் படம் எடுத்து அனுப்பினார்.