கடைசி ஏலியன் ஏன் அப்படிப் பாய்கிறது?

ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆடிய யாருக்கும் அந்தக் கடைசி ஒற்றை ஏலியனை மறக்க முடியாது. திரையை அடைத்துக்கொண்டு ஆமை வேகத்தில் ஊர்ந்து வந்த கூட்டத்தை ஒவ்வொன்றாகச் சுட்டுத் தீர்த்து, இன்னும் ஒன்றே ஒன்றுதான் பாக்கி என்று மூச்சு விடும் நேரத்தில், அது வெறி பிடித்ததுபோல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பாயத் தொடங்கும். கை பதறும், குறி தப்பும்.

இந்த வேகத்துக்கு வெகுகாலமாக ஒரு விளக்கம் சொல்லப்படுகிறது. அது புரோகிராமில் இருந்த கோளாறு, ஏலியன்கள் குறையக் குறையக் கம்ப்யூட்டருக்குப் பாரம் குறைந்து அது வேகமாக ஓடிவிட்டது, தற்செயலாக நடந்ததைத்தான் எல்லோரும் மேதைமை என்று கொண்டாடுகிறார்கள் என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. மற்ற பாதி, ஒரு மனிதர் யோசித்துச் செய்த வேலையை அவர் கையிலிருந்து பறித்து மெஷினிடம் கொடுத்துவிடுகிறது. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்ப்போம்.

ஜப்பானின் டைட்டோ நிறுவனம் 1978-ல் வெளியிட்ட விளையாட்டு இது. உருவாக்கியவர் டோமோஹிரோ நிஷிகாடோ. உள்ளே இருந்தது 2 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் இன்டெல் 8080 பிராசசர். நினைவகம் 8 கிலோபைட். திரையில் 256-க்கு 224 புள்ளிகள், ஒவ்வொன்றும் எரியும் அல்லது அணையும், அவ்வளவுதான். நிறம் வேண்டுமானால் திரைமேல் வண்ணத் தாளை ஒட்டிக்கொள்ள வேண்டும். எந்தப் புள்ளி எரிகிறது, எது அணைந்திருக்கிறது என்ற கணக்கை வைத்துக்கொள்ளவே 7 கிலோபைட் போய்விடும். ஏலியன்கள், குண்டுகள், மதிப்பெண் என்று மற்ற எல்லாவற்றுக்கும் மிச்சம் 1 கிலோபைட். நீங்கள் படிக்கும் இந்தக் கட்டுரையை அதில் அடைக்க முடியாது.

அந்த மெஷின் 55 ஏலியன்களை நகர்த்த வேண்டும். வரிசைக்கு 11 வீதம் 5 வரிசை. திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஒரு புதுப்பிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே கிடைக்கும் நேரத்தில் 55 உருவங்களையும் அழித்து, தள்ளி, திரும்ப வரைய அந்தப் பிராசசருக்குத் தெம்பு கிடையாது. ஆகவே ஒவ்வொரு புதுப்பிப்பிலும் ஒரே ஒரு ஏலியனை மட்டும் நகர்த்துவது என்று புரோகிராம் எழுதப்பட்டது.

கல்யாணப் பந்தியில் 55 இலை போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாம்பார் வாளியோடு பரிமாறுகிறவர் ஒரே ஒருவர். முதல் இலையில் ஊற்றிவிட்டு அவர் சுற்றி வருவதற்குள் முதல் ஆள் காய்ந்துபோய்க் காத்திருப்பார். ஆட்கள் எழுந்துபோகப் போக, மிச்சமிருப்பவருக்கு வாளி சீக்கிரம் சீக்கிரமாக வரும். கடைசியில் ஒரே ஆள் உட்கார்ந்திருந்தால் வாளி அவரைவிட்டு நகராது. பரிமாறுகிறவர் என்னவோ ஆரம்பத்திலிருந்து ஒரே நடைதான் நடக்கிறார்.

இங்கேயும் அதேதான். பிராசசரின் வேகம் கடைசிவரை மாறுவதில்லை. 55 ஏலியன் இருக்கும்போது ஒவ்வொன்றின் முறையும் ஏறக்குறைய ஒரு நொடிக்கு ஒரு தடவை வருகிறது. 10 மிஞ்சினால் நொடிக்கு 6 தடவை. ஒன்றே மிஞ்சினால் 60 தடவை. முறை வரும்போதெல்லாம் அது 2 புள்ளி நகர்கிறது. ஆக, ஆரம்பத்தில் நொடிக்கு 2 புள்ளி ஊர்ந்த அதே ஜந்து இப்போது நொடிக்கு 120 புள்ளி பாய்கிறது.

இந்தக் கணக்கில் இன்னொரு நுணுக்கம் உண்டு, பலர் கவனிக்காதது. முதல் 27 ஏலியன்களைச் சுட்ட பிறகுதான் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. அதே இரட்டிப்பு, மிஞ்சிய இரண்டில் ஒன்றைச் சுட்டவுடனும் நடக்கிறது, ஒரே குண்டில். ஆரம்பத்தில் ஆடுகிறவருக்குத் தைரியம் வளர்கிறது. முடிவில்தான், அதுவும் சடாரென்று, நெருக்கடி வந்து சேர்கிறது.

இதை மெஷினின் குறையிலிருந்து பிறந்தது என்று சொன்னால் சரி. நிஷிகாடோவே அப்படித்தான் சொல்லியிருக்கிறார். ஏலியன்கள் குறையும்போது வேகம் கூடுவதைப் பார்த்தார், அது ஆட்டத்துக்குச் சுவை கூட்டுவதையும் பார்த்தார், அப்படியே விட்டுவிட்டார். ஆனால் கோளாறு என்று சொன்னால் தவறு. புரோகிராம் எழுதியபடிதான் ஓடியது. 'அப்படியே விட்டுவிட்டார்' என்பதும்கூட முழுக் கதை ஆகாது. அந்தப் புரோகிராமை வரிவரியாகப் பிரித்துப் படித்தவர்கள் எடுத்துக்காட்டும் இரண்டு இடங்கள் இருக்கின்றன.

ஒன்று, ஒலி. கூட்டம் நகரும்போது கேட்கும் அந்த டும், டும், டும், டும் என்ற நாலு கனத்த ஒலிகளும் கூடவே வேகமெடுக்கும். இது தானாக நடப்பதில்லை. எத்தனை ஏலியன் மிஞ்சினால் இரண்டு ஒலிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று 16 படிகள் கொண்ட ஓர் அட்டவணை உள்ளே எழுதப்பட்டிருக்கிறது. கூட்டம் நிறைந்திருக்கும்போது 52 புதுப்பிப்புகளுக்கு ஒரு முறை ஒலி. கடைசி ஏலியனுக்கு 5-க்கு ஒரு முறை. ஒலியையும் நகர்வோடு அப்படியே கட்டிவிட்டிருந்தால் கடைசியில் நொடிக்கு 60 முறை அடித்து வெறும் ரீங்காரமாகத்தான் கேட்டிருக்கும். நொடிக்கு 12 என்பதில் அது இன்னும் துடிப்பாகவே இருக்கிறது, பயந்தவன் நெஞ்சு அடித்துக்கொள்வதுபோல.

இரண்டு, அந்தக் கடைசி ஏலியன். ஒன்றே மிஞ்சியிருக்கிறதா என்று புரோகிராம் தனியாகப் பார்க்கிறது. ஆம் என்றால், வலப்பக்கம் போகும்போது மட்டும் அது 2-க்குப் பதில் 3 புள்ளி தாவுகிறது. போகும்போது ஒரு வேகம், திரும்பும்போது ஒரு வேகம். நம் குறி அடிக்கடி தப்புவதற்கு நடுங்கும் கை மட்டும் காரணமில்லை. இந்த வரிகளை யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். தற்செயல் கொண்டுவந்து கொடுத்ததை வாங்கி, அதற்குமேல் வேலை செய்திருக்கிறார்கள். எனக்கு இந்த விளையாட்டின்மேல் உள்ள மரியாதை முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

ஏறத்தாழ ஓராண்டு, பெரும்பாலும் தனியாளாக, அதற்கு வேண்டிய கருவிகளையும் தானே செய்துகொண்டு நிஷிகாடோ இதை உருவாக்கினார். தூண்டுதல், 1976-ல் அடாரி வெளியிட்ட பிரேக்அவுட். பந்தால் செங்கல் சுவரை உடைக்கும் விளையாட்டு அது. அந்தச் சுவருக்கு உயிர் வந்து, அது நம்மை நோக்கி இறங்கிவந்து திருப்பிச் சுட்டால் எப்படி இருக்கும்? அதுதான் இது. முதலில் டாங்கி, விமானம், படைவீரர் என்று முயன்று பார்த்தார். மனிதர்களைச் சுடுவது வேண்டாம் என்று ஆனது. எச்.ஜி.வெல்ஸ் நாவலில் வரும் ஆக்டோபஸ் போன்ற செவ்வாய்க்கிரக ஜந்துக்கள் நினைவுக்கு வர, ஏலியன்கள் கடலிலிருந்து உருவம் எடுத்தன. மேல் வரிசையில் கணவாய், சுட்டால் 30 மதிப்பெண். நடுவில் நண்டு, 20. கீழே ஆக்டோபஸ், 10.

   

இன்று புரோகிராமிங் பழகும் பிள்ளைகள் பலர் இந்த விளையாட்டைத் தாங்களே எழுதிப் பார்க்கிறார்கள். இன்றைய கம்ப்யூட்டருக்கு 55 உருவங்கள் ஒரு பொருட்டே இல்லை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நகர்த்திவிடும். கூட்டம் முழுவதும் ஒரு பலகைபோல நகரும், எத்தனை சுட்டாலும் அதே வேகம். ஆட்டம் சப்பென்று இருக்கும். எண்ணிக்கை குறைந்தால் வேகத்தைக் கூட்டு என்று ஒரு வரி சேர்த்த பிறகுதான் அதற்கு உயிர் வரும். அப்படி எழுதிப் பார்க்கிறவர்கள் பழைய மெஷின் ஓடும் வீடியோ ஒன்றைத் தேடி எடுத்து, ஆட்டம் தொடங்கியவுடன் கீழ் வரிசையின் இடது ஓரத்தை மட்டும் பார்க்க வேண்டும். ஓரத்து ஆக்டோபஸ் முதலில் அசையும். பிறகு அதற்கடுத்தது, அதற்கும் அடுத்தது. வரிசை முடிந்ததும் மேல் வரிசை, அதற்கும் மேல் வரிசை என்று அந்த அசைவு ஏறிக்கொண்டே போய், உச்சியில் வலது ஓரத்துக் கணவாயைத் தொட்டுவிட்டு, மறுபடி கீழே ஆக்டோபஸுக்கு வரும்.