ஐம்பது வயசில் அவுட்சைட் ரைட்!

பி.காம். படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் தேய்மானம்தான் ஞாபகம் வரும். பத்தாயிரம் ரூபாய்க்கு மெஷின் வாங்கினால் வருஷா வருஷம் பத்து பர்சென்ட் கழித்துக்கொண்டே வரவேண்டும். கடைசியில் மிஞ்சுவதைப் பேரீச்சம்பழத்துக்குப் போடலாம்.

ஆபீஸில் மனுஷனுக்கும் இதே கணக்குதான். முப்பத்தைந்து தாண்டினால், 'இனிமே என்ன சார் இருக்கு!' என்று ஒரு பெருமூச்சு. இருபத்தெட்டிலேயே ரிடையரான முகத்தோடு உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. (உங்களைச் சொல்லவில்லை... பக்கத்து சீட்டை!)

இந்தக் கணக்கை ஒருத்தர் காலாலேயே உதைத்துத் தள்ளினார். பெயர் ஸ்டான்லி மாத்யூஸ். இங்கிலாந்துக்காரர். 1915-ல் பிறந்தவர். அப்பா சலூன் வைத்திருந்தார், பாக்ஸரும்கூட. (அந்தக் கடையில் 'கட்டிங் சரியில்லை' என்று யாராவது சொல்லியிருப்பார்கள்?)

ஸ்டோக் சிட்டி கிளப்பில் வலது ஓர ஆட்டக்காரர். மேனேஜரோடு ஒத்துப்போகவில்லை. 1947-ல், 32 வயசில், பிளாக்பூல் கிளப்புக்கு 11,500 பவுண்டுக்கு விற்றுவிட்டார்கள். ஃபுட்பாலில் அது பேரீச்சம்பழம் நெருங்குகிற வயசு. புது மேனேஜரே 'இன்னும் ரெண்டு வருஷம் தாங்குமா?' என்று கேட்டாராம்.

தாங்கியது பதினாலு வருஷம்!

1953 எஃப்.ஏ. கப் ஃபைனல். மாத்யூஸுக்கு 38. அதற்கு முன் ரெண்டு ஃபைனலில் தோற்றவர். அன்றைக்கும் போல்டன் 3-1 என்று முன்னால் நிற்கிறது. வலது ஓரத்தில் மனுஷர் புகுந்து விளையாட, பிளாக்பூல் 4-3-ல் ஜெயித்தது. மூன்று கோல் போட்டவர் மார்டென்சன். ஆனாலும் ஜனங்கள் அதற்கு 'மாத்யூஸ் ஃபைனல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பாவம் மார்டென்சன்!

1956-ல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருதை முதன்முதலாகக் கொடுத்தபோது வாங்கியவர் இவர்தான். வயசு 41. மறுவருஷம்கூட இங்கிலாந்து டீமில் ஆடினார்.

எப்படி? குடி கிடையாது, சிகரெட் கிடையாது. (சிகரெட் விளம்பரத்துக்கு மட்டும் போஸ் கொடுத்தார், அது தனிக்கதை.) காலையில் தவறாமல் உடற்பயிற்சி. திங்கட்கிழமை பட்டினி. ஆனால் நம்ம ஊரில் இதைவிடக் கடுமையாக விரதம் இருப்பவர்கள் தெருவுக்கு நாலு பேர். எனக்குப் பிடித்தது வேற விஷயம். இருபது வயசுப் பையனோடு ஓட்டப்பந்தயத்துக்குப் போகவில்லை அவர். பந்தோடு எதிராளி முன்னால் நிற்பார். இடது பக்கம் சாய்வார். அவனும் சாய்வான். சடாரென்று வலது பக்கம் பாய்ந்துவிடுவார். அந்த முதல் சில கஜ வேகம்தான் முதலீடு. மிச்சத்தைச் செலவு செய்யவே மாட்டார். இதே ட்ரிக்தான் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே சாய்ந்தார்கள்!

கற்றுக்கொள்வதையும் விடவில்லை. 1950 உலகக் கோப்பைக்கு பிரேஸில் போனபோது அங்கே லேசான பூட்ஸைப் பார்த்தார். ஊருக்கு வந்து அதே மாதிரி செய்யச் சொல்லிப் போட்டுக்கொண்டார். அப்போது 35.

இத்தனைக்கும் சம்பளம்? 1961 வரை இங்கிலாந்தில் பிளேயர்களுக்கு உச்சவரம்பு இருந்தது. கடைசியில் வாரத்துக்கு 20 பவுண்டு. அதற்குமேல் மாத்யூஸே ஆனாலும் கிளப் தரமுடியாது. இவரைப் பார்க்க வந்த கூட்டத்தின் டிக்கெட் காசு கிளப் கல்லாவில். அநியாயம் சார்! இன்கிரிமென்ட் இல்லாமலும் ஒருத்தன் வளரலாம் என்பதற்கு இவரை உதாரணம் காட்டலாம்தான். ஆனால் இந்தப் பக்கத்தை உங்கள் எம்.டி. கண்ணில் காட்டிவிடாதீர்கள்.

1961-ல், 46 வயசில், பழைய ஸ்டோக் சிட்டியே 3,500 பவுண்டுக்குத் திரும்ப வாங்கியது. அதற்கு முந்தைய உள்ளூர் மேட்சுக்கு வந்த கூட்டம் எட்டாயிரத்துச் சொச்சம். இவர் இறங்கிய அன்றைக்கு 35 ஆயிரத்துக்கும் மேல்! போட்ட பணம் கேட்டிலேயே வந்திருக்கும். 1963-ல் டீம் முதல் டிவிஷனுக்கு ஏறியது.

1965-ல் 'சர்' பட்டம். அந்த பிப்ரவரி 6-ம் தேதி கடைசி லீக் மேட்ச். வயசு 50, அதற்குமேல் அஞ்சு நாள்.

அவசரப்பட்டு நிறுத்திவிட்டேன், இன்னும் ரெண்டு வருஷம் ஆடியிருக்கலாம் என்று பிற்பாடு வருத்தப்பட்டாராம் மனுஷர்.