அச்சுக்கு முன்னர் யார் வாசிப்பது?

கவிஞர் நீலாவணன் 1975 ஜனவரியில் காலமானார். அவருடைய முதற் கவிதைத் தொகுதியான ‘வழி’ 1976 இல் வெளிவந்தது. ‘வேளாண்மை’ காவியம் நூலுருப் பெற 1982 வரை காத்திருக்க நேர்ந்தது. ‘ஒத்திகை’ 2001 இல்தான் வந்தது. கல்முனையில் எழுத்தாளர் சங்கத்தை முன்னின்று நடத்தி, ‘பாடும் மீன்’ என்றொரு சஞ்சிகையையும் வெளிக்கொணர்ந்த ஒருவர், தமது கவிதைத் தொகுதியொன்றைக் கையில் எடுத்துப் பாராமலே கண்மூடினார். பாண்டிருப்பைச் சேர்ந்த சண்முகம் சிவலிங்கம் அறுபதுகளிலிருந்தே எழுதி வந்தவர். அவருடைய முதற் தொகுதியான ‘நீர்வளையங்கள்’ 1988 இல் வந்தது. கிழக்கிலங்கையின் மிகச் சிறந்த கவிஞர்கள் இருவரின் கதை இது.

நீலாவணையிலிருந்து அதே பிரதான வீதியால் வடக்கே வந்தால் கல்லாறு, களுவாஞ்சிக்குடி, களுதாவளை, அடுத்துத் தேற்றாத்தீவு. ஒரு புறம் கடல், மறுபுறம் வாவி, நடுவே கொம்புச்சந்திப் பிள்ளையார். இந்த ஊர்களில் இன்று எழுத வருகின்ற இளையோருக்கு நீலாவணன் பட்ட துன்பம் இல்லை என்றே பலரும் நினைக்கிறார்கள். கைத்தொலைபேசியிலேயே தட்டெழுதலாம். ஈய எழுத்துக் கோத்த காலம் போய்விட்டது. பணத்தைக் கட்டினால் சில வாரங்களில் நூல் வீடு வந்து சேரும். உண்மைதான். ஆயினும் நீலாவணனுக்கு இல்லாதிருந்தது அச்சு வசதி; இவர்களுக்கு இல்லாதிருப்பது அச்சுக்கு முன்னர் வாசிக்கும் ஓராள். இந்த இரண்டாவது குறை முதலாவதிலும் பெரியது என்பது என் அபிப்பிராயம். அச்சேறாத நல்ல கவிதையை என்றோ ஒருநாள் யாரேனும் அச்சேற்றிவிடலாம். அரைகுறையாக அச்சேறிய நூலை எழுதியவரே பின்னர் மறைத்து வைக்கிறார்.

தேற்றாத்தீவைச் சேர்ந்த இளம் ஆசிரியை ஒருவர் தமது பதினான்கு சிறுகதைகளை எனக்கு அனுப்பியிருந்தார். அவற்றுள் மூன்று, எந்தத் தரமான சஞ்சிகையிலும் வரத்தக்கவை. ஐந்தாறு கதைகள் இன்னொரு முறை எழுதப்பட வேண்டியவை. எஞ்சியவை பயிற்சிகள். அவர் என்னிடம் கேட்டது ஒரேயொரு கேள்வி: “ஐயா, எந்த அச்சகத்தில் செலவு குறைவு?” சங்கிலியை அடகு வைத்துப் பணம் தயாராக இருந்தது. வெளியீட்டு விழாவுக்கு மண்டபமும் பேசியாகிவிட்டது. இக்கதைகளை இதற்கு முன்னர் யார் வாசித்தார்கள் என்று கேட்டேன். அணிந்துரை எழுதியவர் வாசித்தார் என்றார். (அணிந்துரையைப் படித்தபோது அதிலும் எனக்குச் சந்தேகம் தோன்றிற்று.)

நமது வெளியீட்டு விழாவை வாசகர்கள் அறிவீர்கள். மங்கள விளக்கேற்றல், ஆசியுரை, நயவுரை, முதற்பிரதி, சிறப்புப் பிரதிகள், ஏற்புரை. நயவுரை நிகழ்த்துபவர் பெரும்பாலும் முதல்நாள் இரவுதான் நூலைக் காண்கிறார். முதற்பிரதி பெறும் வர்த்தகர் தரும் கடித உறையில் செலவின் ஒரு பகுதி மீளக் கிடைக்கும். அச்சிட்ட முந்நூறு பிரதிகளில் நூறு அன்று போகும். மிகுதி கட்டிலுக்குக் கீழே. இந்த முறைமையை நான் ஏளனம் செய்யவில்லை. சந்தை இல்லாத இடத்தில் உறவுமுறையே சந்தையாகிறது. ஆனால் மொய் எழுதுவது போலப் பிரதி வாங்குகிறவர் நூலைத் திறப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

முன்னர் இந்த வாசிப்பு வேலையைச் செய்தவை பத்திரிகைகளும் சஞ்சிகைகளும். கைலாசபதி தினகரன் ஆசிரியராக இருந்தது 1959 முதல் 1961 வரையான குறுகிய காலமே. அதற்குள் ஒரு தலைமுறை எழுத்தாளர்களுக்கு அது பட்டறையாயிற்று. டொமினிக் ஜீவா 1966 இல் தொடங்கிய மல்லிகையைத் தோளில் சுமந்து விற்றார். அதன் வழியே பலரை எழுத்தாளராக்கி, பின்னர் மல்லிகைப் பந்தல் மூலம் நூல்களும் போட்டார். எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது வீரகேசரி மலிவு விலையில் நாவல்களை வெளியிட்டது. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’யும் செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ம் 1973 இல் வந்தவை. 1977 இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் அந்தச் சந்தை சுருங்கிற்று. வணிகப் பதிப்பை நம்பியிருக்க முடியாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நம் பிரதேசத்துக்கு நெருக்கமான முன்மாதிரி கல்முனையிலேயே இருந்தது. நுஃமானும் நண்பர்களும் நடத்திய சிறு வெளியீட்டகத்தின் பெயர் வாசகர் சங்கம். மஹாகவியின் நூல்களும் நுஃமானின் ‘தாத்தாமாரும் பேரர்களும்’ தொகுதியும் (1977) அதன் வெளியீடுகள். எழுத்தாளர் சங்கங்கள் மலிந்த நாட்டில் ஒரு பதிப்பு முயற்சிக்கு வாசகர் சங்கம் என்று பெயர் வைத்தவர்களின் கூர்மையை நான் எப்போதும் வியப்பதுண்டு.

செவ்விதாக்கம் என்றவுடன் எழும் ஓர் ஆட்சேபம் உண்டு. அதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இருக்கும் ஒருவர் கைவைத்தால் எங்கள் மொழி போய்விடும் என்கிறார்கள். ‘மறுகா’ என்று எழுதினால் ‘பிறகு’ என்று திருத்துவார். ‘கிறுகி’ என்றால் ‘திரும்பி’ என்பார். இந்த அச்சம் ஆதாரமற்றதல்ல. பத்திரிகைக் கந்தோர்களில் ஒப்புநோக்காளர்கள் இவ்வாறு செய்ததை நானே கண்டிருக்கிறேன். ஆகவேதான் அந்த வாசகர் களுவாஞ்சிக்குடியிலோ களுதாவளையிலோ இருக்க வேண்டும் என்கிறேன். ‘மறுகா’வை விட்டுவிட்டு, தேவையற்ற நான்காம் பந்தியை வெட்டச் சொல்லத் தெரிந்த ஒருவர் வேண்டும். தமிழகத்தில் 1974 இல் க்ரியாவைத் தொடங்கிய ராமகிருஷ்ணன் 2020 இல் மறையும் வரை எழுத்தாளரோடு அமர்ந்து பிரதியைச் செப்பனிடுவதையே பதிப்பாளரின் முதல் வேலையாகக் கொண்டார். இமையம் என்ற கிராமத்து இளைஞரின் முதல் நாவலான ‘கோவேறு கழுதைகள்’ அங்கிருந்து 1994 இல் வந்தது. அதில் வட்டார வழக்குச் சிதையவில்லை. இமையமும் ஆசிரியத் தொழில் பார்த்தவர்தான் என்பதைத் தேற்றாத்தீவு ஆசிரியைக்கு எழுதினேன்.

பாடசாலைக் காலத்தில் தமிழ்மொழித் தினப் போட்டிகள் இருக்கின்றன. பாடசாலை முடிந்ததும் பயிற்சியும் முடிகிறது. மண்முனை தென் எருவில் பற்றில் நூலகம் உண்டு. வாசிக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஊருக்கு இருவரேனும் உண்டு. மாதம் ஒரு ஞாயிறு மாலை, ஐந்தாறு பேர் கூடி, ஒரு கதையை உரக்க வாசித்து, எழுதியவர் வாய் திறவாமல் கேட்டிருந்தால் போதும். ஓராண்டில் பன்னிரண்டு கதைகள் தேறும். அது ஒரு நூல். உரக்க வாசிக்கும்போது பிழையான வாக்கியம் தானாகவே தடக்கும்.

அச்சைப் பற்றி யாரும் சொல்லித் தராத சில விடயங்களும் உண்டு. தாள் பெரும்பாலும் பதினாறு பக்கங்களாக மடிகிறது. எண்பத்தொன்றாம் பக்கத்தில் முடியும் நூலுக்கு இன்னொரு மடிப்பின் செலவு விழும். ஒரு பந்தியைக் குறைத்தால் அது மிஞ்சும். 2022 இல் கடதாசித் தட்டுப்பாட்டால் பாடசாலைப் பரீட்சைகளே தள்ளிப்போனதைக் கண்ட நாட்டில் இது சிறிய விடயமல்ல. இன்றைய டிஜிட்டல் அச்சில் ஐம்பது, நூறு பிரதிகளும் எடுக்கலாம். முந்நூறு என்பது பழைய ஓப்செட் கணக்கு. ஐ.எஸ்.பி.என். இலக்கத்தைக் கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் எழுத்தாளரே பெறலாம். நமது நாட்டுக்குரிய எண்கள் 955, 624. எழுத்தாளருக்கு அச்சு உதவி வழங்கும் திட்டமொன்றையும் அச்சபை நடத்தி வந்திருக்கிறது. பதிப்புரிமையை எவருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது எழுதியவரின் ஆயுளுக்கும் அதன்பின் எழுபது ஆண்டுகளுக்கும் உரியது. நூல் வந்ததும் ஒரு பிரதி நூலகம் இணையத்தளத்தின் எண்ணிமத் தொகுப்புக்கும், ஒரு பிரதி என். செல்வராஜாவின் ‘நூல்தேட்டம்’ பதிவுக்கும் போக வேண்டும். தொகுதிக்கு ஆயிரம் நூல்களாக 2002 முதல் அவர் பதிந்து வரும் அந்த வரிசையில் இடம்பெறாத நூலை நாளைய ஆய்வாளர் எங்கே தேடுவார்?

புலம்பெயர்ந்த அன்பர்கள் ஊர் எழுத்தாளருக்கு உதவ விரும்பி விழாச் செலவை ஏற்பதைக் காண்கிறேன். ‘நீர்வளையங்கள்’ போன்ற நூல்கள் வெளிவரப் பத்மநாப ஐயர் உழைத்த உழைப்பு வேறு வகையானது. எந்தப் பிரதி அச்சேற வேண்டும் என்று அவர் தேடித் திரிந்தார். இன்று அதே மனத்தோடு உதவ முன்வருபவர், மண்டபக் கட்டணத்துக்குப் பதிலாகச் செவ்விதாக்கம் செய்பவருக்கு ஒரு கூலியைக் கொடுக்கலாம். நம்மிடையே அந்த வேலைக்குக் கூலி கொடுக்கும் வழக்கமே இல்லை. சிநேகிதத்துக்காகச் செய்யச் சொல்வதால்தான் சிநேகிதத்துக்காகப் புகழ்ந்துவிட்டுப் போகிறார்கள்.

ஆசிரியை மண்டபத்தைக் கைவிட்டுவிட்டார். மூன்று கதைகளையும் மூன்று சஞ்சிகைகளுக்கு அனுப்பியிருக்கிறார். சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது என்றும், வட்டி ஏறுகிறது என்றும் சென்ற வாரம் எழுதியிருந்தார். முதலில் அதை மீட்கச் சொல்லியிருக்கிறேன்.