கள் எனப்படுவது யாது?

திருக்குறளில் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. அதனை யான் ஏறத்தாழ 30 ஆண்டுகளாக வகுப்பறையிற் பாடஞ்சொல்லி வருகின்றேன். சென்ற மாதம், மலைமுகடுகளிற் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலிலே அவ்வதிகாரத்தை மீண்டும் தொடங்கினேன். பரிமேலழகர் உரைக்குள் நுழையுமுன்னரே, பின்வரிசையிலிருந்த மாணவனொருவன் எழுந்து நின்றான். “ஐயா, வள்ளுவர் சொன்ன கள்ளும் நம்ம சந்தியிலே விற்கிற கள்ளும் ஒன்றுதானா? இது மரத்திலிருந்து இறக்கினது இல்லையென்று அப்பா சொல்கிறாரே” என்றான். வகுப்புச் சிரித்தது. யானும் சிரித்தேன். ஆயின் விடை கூறினேனல்லேன். அவன் தந்தை கவ்வாத்து வெட்டும் தொழிலாளி. மாலைதோறும் தவறணைக்குச் செல்பவர். தாம் பருகுவது இன்னதென்பதை அறியாதவரல்லர் அவர் என்பது அன்றுதான் எனக்குத் தெரியவந்தது.

இக்கட்டுரையைக் காணும் அன்பர்கள் சிலர், பண்டிதர் ஒருவர் கள்ளுக்காகப் பரிந்து பேசுவதா என முகஞ்சுளிக்கக் கூடும். யான் கள்ளைச் சுவைத்தறியேன். என் தந்தையார் சுவைத்தவர். சம்பள நாளிரவுகளில் லயத்துக் கதவின் பின்னே தாயோடு ஒடுங்கி நின்ற பிள்ளைகளுள் யானும் ஒருவன். ஆதலாற் குடியைப் போற்றும் நோக்கம் எனக்கு எட்டுணையும் இல்லை. எனினும், மாணவன் கேட்டது குடிக்கலாமா என்பதன்று; கள் எனப்படுவது யாது என்பதே. பெயருக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பைக் காப்பது தமிழாசிரியன் கடனாதலின், அவ்வினாவை யான் தட்டிக் கழித்தல் முறையாகாது.

நம் பழம்பாடல்களிற் கள்ளுக்கு எத்தனை பெயர்கள்! நறவு, தேறல், தோப்பி, அரியல், மட்டு, பிழி என அவை விரியும். நெல்லினின்று சமைத்ததற்கு ஒரு பெயர். தெளிந்ததற்கு ஒரு பெயர். மூங்கிற் குழாயிற் பெய்து முதிரவைத்த தேறலையும் புலவர் தனித்துக் கூறினர். அதியமான் மறைந்தபோது ஔவையார் கதறிய புறப்பாட்டு, சிறிதளவு கள் கிடைத்தால் அதனைத் தமக்கே தந்த அவன் பண்பை நினைந்து தொடங்குகின்றது. காவிரிப்பூம்பட்டினத்து வீதிகளிற் கள் விற்குமிடத்தைக் காட்டக் கொடி பறந்ததைப் பட்டினப்பாலை பேசும். இன்ன பொருள் இங்கே விற்கப்படும் என்பதை ஊரறியக் கூறும் கொடி அது. இன்று நம் தவறணையில் அத்தகைய கொடியொன்றை ஏற்றுவதாயின் அதன்மீது எப்பெயரை எழுதுவது?

சட்டத்தைப் புரட்டினாலும் விடை தெளிவாகவே கிடைக்கின்றது. இந்நாட்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் 1912ஆம் ஆண்டினது. தென்னை, பனை, கித்துள் முதலாய மரங்களினின்று இறக்கிய சாறே கள் என அது வரையறுக்கின்றது. அச்சாறு புளித்ததாயினும் புளியாததாயினும் ஆகுக. அதே சட்டத்தின்வழிக் கள்ளுக்கெனத் தனித் தவறணைகள் ஊர்தோறும் திறக்கப்பட்டமையே அந்நாளில் மதுவொழிப்பு இயக்கம் பொங்கி எழக் காரணமாயிற்று. சேனநாயக்க சகோதரர் முதலியோர் பொதுவாழ்விற் புகழ் பெற்றதும் அவ்வியக்கத்தினாலேயே. அஃது நிற்க. சட்டம் இவ்வொரு செய்தியில் தெளிவானது. மரம் இல்லையேற் கள் இல்லை.

இனி, மரம் எங்கே என நோக்குவோம். டயகம ஏறத்தாழ 5000 அடி உயரத்தது. தேயிலைக்கு இதமான இக்குளிர் தென்னைக்கும் பனைக்கும் ஆகாது. கூந்தற்பனை என நாம் வழங்கும் கித்துளும் நமக்குக் கீழேயுள்ள சரிவுகளிலேதான் செழித்து வளரும். கித்துல்கல என்னும் ஊர் அம்மரத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றது. ஆகவே நம்மவர் பருகும் கள், கள்ளேயாயின், தொலைவிலிருந்து வந்தாக வேண்டும். வென்னப்புவ, சிலாபப் பகுதிகளின் தென்னந்தோப்புகளில் விடியலில் இறக்கப்பட்டு, அட்டன், தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை கடந்து, வளைந்து வளைந்து ஏறும் பாதையில் அது நம்மை அடைதல் வேண்டும்.

கள்ளோ காத்திருக்கும் பொருளன்று. பாளையினின்று சொட்டும்போது அது வெறும் இன்சாறு. முட்டியிலே சுண்ணாம்பு தடவினாற் புளியாது நிற்கும், அதுவே பதநீர். கித்துள் இறக்கும் சிங்கள மக்கள் ஹல் என்னும் மரத்தின் பட்டையை முட்டியிலிட்டுப் புளிப்பைத் தாமதிக்கச் செய்வர். அச்சாற்றைக் காய்ச்சியே பாணியும் வெல்லமும் செய்வர். அவ்வாறு காவாதுவிடின் காற்றிலும் முட்டியிலும் உள்ள நுண்ணுயிர்கள் சில மணி நேரத்துள் அதனை நொதிக்கச் செய்கின்றன. நூற்றுக்கு நான்கைந்து பங்கு மதுசாரம் ஏறுகின்றது. ஒரு நாள் கழிந்தாற் புளிப்பு மிகுந்து காடியாகத் தலைப்படுகின்றது. காலையில் இனிப்பு, மாலையிற் கள், மறுநாட் காடி. இத்துணை விரைந்து மாறும் பொருளை லொறியில் ஏற்றி மலையுச்சிக்குக் கொணர்ந்து, நாட்கணக்கில் வைத்து விற்பது எங்ஙனம்?

ஒரு வழி நேர்மையானது. வடித்துப் போத்தலில் அடைத்துச் சூடேற்றி நொதிப்பை நிறுத்திவிடலாம். வடக்கிலும் மேற்குக் கரையிலும் அவ்வாறு செய்கின்றனர். மற்றை வழி எளிது, மரத்தையே நாடாதது. நீரிற் சீனியைக் கரைத்து, ஈஸ்ட்டையும் வேறு வேதிப்பொருள்களையும் இட்டு, வெண்ணிறம் தோன்ற நுரைக்கச் செய்து, கள்ளென்று பெயரிடுவது. செயற்கைக் கள்ளை மதுவரித் திணைக்களத்தார் கைப்பற்றிய செய்திகளை நாளிதழ்களில் நாம் அடிக்கடி படிக்கின்றோம். ‘கள்’ என்பது பன்மை விகுதியுமாகும் என்பதை இலக்கணம் கற்றோர் அறிவர். ஒரு முட்டியைப் பல பீப்பாக்கள் ஆக்கும் வணிகன் பள்ளிக்கூடம் செல்லாமலே அவ்விதியைக் கற்றுக்கொண்டான்.

இதன் விளைவு யாதெனின், தவறணை தேய்கின்றது. தவறணை என்பது போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். தவறுக்குக் கட்டிய அணை என அதற்குப் பொருள் கூறி என் ஆசிரியர் ஒருவர் நகைப்பார். அணை உடைந்து நாளாயிற்று எனவும் சேர்த்துக்கொள்வார். யான் சிறுவனாக இருந்த நாளில் எங்கள் கடைவீதிக் கோடியிலிருந்த கள்ளுத் தவறணை, குடிப்போர்க்கு மாத்திரம் உரிய இடமாக இருக்கவில்லை. நெத்தலிப் பொரியலும் அவித்த கடலையும் விற்கும் ஆச்சி ஒருத்தி அதன் வாயிலில் இருப்பாள். காமன் கூத்துக்கு யார் ரதி, யார் மன்மதன் என்பதும், எந்தப் பிரிவில் எத்தனை பேருக்குப் பெயர் விழவில்லை என்பதும் அங்குள்ள வாங்குகளிலேயே பேசப்பட்டன. இன்று அங்கு அமர்ந்து பேசுவோர் அரியர். போத்தலை வாங்கி மடியிற் செருகிக்கொண்டு இருளில் நடப்போரே பலர். கள்ளில் நம்பிக்கை இழந்தவன் சாராயத்துக்குச் செல்கின்றான். அது நூற்றுக்கு முப்பத்துமூன்று பங்குக்கு மேல் மதுசாரம் உடையது. அதற்குக் காசில்லாதவன் கசிப்புக்குச் செல்கின்றான். நாட்சம்பளம் 2021 இல் 1000 ரூபா, 2024 இல் 1350 ரூபா என்று உயர்த்தப்பட்ட போதெல்லாம் அவ்வுயர்வில் ஒரு பகுதி எவ்வழி ஒழுகிற்று என்பதை லயத்துப் பெண்களைக் கேட்டால் அறியலாம்.

பிறநாட்டிலும் இத்தகைய வழக்கு உண்டு. இங்கிலாந்தில் ஊர்நடுவே இருந்த பப் எனப்படும் குடிமனைகள் ஆண்டுதோறும் மூடப்பட்டு வருகின்றன. அவற்றிலே விற்கும் சைடர் என்பது ஆப்பிட் பழத்தைப் பிழிந்து புளிக்கவைத்த பானம். ஆயினும் அந்நாட்டு வரிச்சட்டப்படி நூற்றுக்கு 35 பங்கு சாறு இருந்தாலே அதற்குச் சைடர் என்னும் பெயர் செல்லும். எஞ்சியது நீரும் சீனியுமாக இருக்கலாம். இதனைப் பொறாத மக்கள் மெய்யான சைடர் வேண்டுமெனக் குரல் எழுப்புகின்றனர். மெய்யான ஏல் என்னும் பானத்துக்காக 1971 இல் தோன்றிய இயக்கமொன்று அவர்களுக்குத் துணை நிற்கின்றது. குடிப்பவனுக்கும் தான் குடிப்பது இன்னதென அறியும் உரிமை உண்டு என்பதை அங்கே எவரும் நகைப்புக்குரியதாகக் கருதவில்லை. தாய்த்தமிழகத்திலோ நிலைமை வேறு. அங்கு 1987 முதற் கள்ளுக்குத் தடை. 2003 முதல் அரசே சீமைச் சாராயக் கடைகளை நடத்துகின்றது. கள் இறக்க அனுமதி வேண்டி உழவர் போராடி வருகின்றனர். கள்ளக்குறிச்சியில் 2024 ஆனி மாதம் மெதனோல் கலந்த சாராயம் 60 இற்கும் மேற்பட்டோரை மாய்த்தது. மரத்துக் கள்ளைத் தடுத்த சட்டம் அந்த நஞ்சைத் தடுக்கவில்லை.

ஆதலின் யான் கேட்பது பெரிதன்று. 1912 இன் வரையறை ஏட்டில் இருந்தாற் போதாது. தவறணையின் பலகையிலும் போத்தலின் முகப்பிலும் இருத்தல் வேண்டும். எம்மரத்தின் சாறு, எவ்வூரில், எந்நாளில் இறக்கியது என்பதைத் தமிழிலும் எழுதுக. மலையடிவாரத்துக் கித்துள் இறக்குவோரைக் கூட்டுறவாகச் சேர்த்து, காலையில் இறக்கியது அன்று மாலையே அட்டனுக்கும் தலவாக்கலைக்கும் ஏறிவர வகைசெய்க. மரமேறும் அவர்தம் பிள்ளைகளும் நம் பிள்ளைகளைப் போன்றே ஏழைகள். மெய்க்கள் தரமுடியாத தவறணையை மூடுக. அதனால் எனக்குத் துயரம் இல்லை.

இவ்வளவும் எழுதிய பின்னர், எங்கள் லயத்துக்கு அண்மையில் வாழும் கொழுந்தெடுக்கும் அம்மையார் ஒருவரிடம் இதனைச் சொன்னேன். அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, “நல்ல கள்ளுன்னா என்னாங்க ஐயா, கெட்ட கள்ளுன்னா என்னாங்க? சம்பளம் போறது போறதுதானே?” என்றார். என் தாயாரும் அதனையே கூறியிருப்பார். கெட்டதனாற் குடலும் சேர்ந்து போகின்றதே அம்மா என்றேன். அவர் சிறிது நேரம் என்னை நோக்கியிருந்து, “அதுவும் சரிதாங்க” என்று கூறிக் கூடையைத் தூக்கிக்கொண்டார். அந்தக் குரலில் உடன்பாடு எத்துணை, ஓய்ச்சல் எத்துணை என என்னால் அளவிட இயலவில்லை.

வரும் திங்கட்கிழமை அதிகாரத்தின் எஞ்சிய குறள்களை நடத்தவேண்டும். வீசி எறியப்பட்ட வெறும் போத்தலொன்றைக் கழுவிக் கொண்டுவருமாறு அம்மாணவனிடம் கூறியிருக்கின்றேன். அதன் முகப்பில் மரத்தின் பெயர் உளதா என்பதை முதலிற் படித்துவிட்டு, அதன்பின் உரைக்குச் செல்வோம்.