உடலுறுதி விற்போரும் உடல் தேய்வோரும்

விடியற்காலையும் வெட்டவெளியும் இருந்தால் போதும் என்றிருந்த தேகப்பயிற்சி இன்று பெருவணிகமாகிவிட்டது. கட்டுடல் வாய்ந்த இளைஞனோ யுவதியோ கைத்தொலைபேசியின் முன் நின்று பளு தூக்குகின்றனர். இலட்சக்கணக்கானோர் பார்க்கின்றனர். பார்ப்போர் தொகை பெருகியதும் அவ்வுடல் விளம்பரப் பலகையாகின்றது. முதலில் பிறருடைய சரக்கு அதில் ஏறும். பின்னர் சொந்தப் பெயர் பொறித்த பனியனும் காற்சட்டையும். அதன் பின்னர் சொந்த உடற்பயிற்சிக் கூடம். பசறையிலும் ஹாலிஎலையிலும் நம்மிடம் கற்கும் மாணவரும் இக்காட்சியில் மயங்குகின்றனர். மயங்குவதை நாம் குறைகூறவில்லை. பதினாறு வயதில் உறுதியான உடலை விரும்பாதவர் யார்? அவ்விருப்பத்தை எவர், எவருடைய உழைப்பைக் கொண்டு காசாக்குகின்றனர் என்பதே நம் கேள்வி.

இவ்வணிகத்தின் இலட்சிய புருஷராகக் காட்டப்படுபவர் இங்கிலாந்தின் பென் பிரான்சிஸ். 2012இல், பல்கலைக்கழக மாணவராயிருந்தபோது, பீட்சா விநியோகித்துப் பிழைத்துக்கொண்டே, பாட்டியிடம் தையல் கற்று, பெற்றோர் வீட்டு வாகனக் கொட்டிலில் 'ஜிம்ஷார்க்' உடைகளைத் தைக்கத் தொடங்கினார். யூடியூபில் பெயர்பெற்ற தேகப்பயிற்சியாளர்களுக்கு அவற்றை அனுப்பி அணியச் செய்தார். 2020இல் அமெரிக்க முதலீட்டு நிறுவனமொன்று ஐந்திலொரு பங்கை வாங்கியபோது கம்பனியின் மதிப்பு நூறு கோடி பவுணைத் தாண்டியிருந்தது. கதையில் பொய்யில்லை. ஆயினும் அது பாட்டியின் தையற் பாடத்தோடு நின்றுவிடுகின்றது. நூறு கோடி பவுண் கம்பனியின் உடைகளைப் பாட்டியும் பேரனுமா தைத்திருப்பர்? அதன் பின் தைத்த விரல்கள் எத்தனை, எந்த நாட்டின என்பதை இத்தகைய வெற்றிக் கதைகள் பேசுவதில்லை.

இத்துறைக்குத் தைக்கும் விரல்களில் நம் நாட்டின் விரல்களும் உண்டு என்பது ஒருமுறை உலகறிய வெளிப்பட்டது. 2016 ஏப்ரலில் அமெரிக்கப் பாடகி பியொன்சே, பிரித்தானிய டொப்ஷொப் கம்பனியுடன் கூட்டுச் சேர்ந்து 'ஐவி பார்க்' என்னும் தேகப்பயிற்சி உடைகளை வெளியிட்டார். பெண்ணுக்கு வலிமையூட்டுவதே நோக்கம் என முரசறைந்தனர். அடுத்த மாதமே லண்டனின் 'த சன்' பத்திரிகை, அவ்வுடைகளுட் சில இலங்கையின் மாஸ் ஹோல்டிங்ஸ் தொழிற்சாலையில் தைக்கப்படுவதையும், தைக்கும் பெண்ணுக்கு மாதச் சம்பளம் 18,500 ரூபா என்பதையும் எழுதியது. அன்றைய கணக்கில் அது நூறு பவுணுக்கும் குறைவு. நூறு பவுண் விலையுள்ள காற்சட்டை ஒன்றுக்கு ஒரு மாத உழைப்பும் போதாது!

அப்பத்திரிகைக்குத் தொழிலாளர்மீது திடீரெனப் பிறந்த காதலை நாம் நம்பத் தயாரில்லை. கறுப்பினப் பெண்ணொருத்தி அகப்பட்ட மகிழ்ச்சியும் அதில் கலந்திருக்கலாம். நம் நாட்டுத் தொழிற்சாலைகளில் வெள்ளைக்காரக் கம்பனிகள் எத்தனையோ தைப்பித்துக்கொள்கின்றன, அவை அன்று தலைப்புச் செய்தியாகவில்லை. இருப்பினும் கணக்கு கணக்குத்தான். அதற்குச் சொல்லப்பட்ட சமாதானமோ, சட்டம் விதித்த குறைந்தபட்சச் சம்பளத்துக்கு மேலேயே கொடுக்கிறோம் என்பது. மெய்தான். அதே 2016இல் நம் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் மாதக் குறைந்தபட்சச் சம்பளத்தை 10,000 ரூபா என வரையறுத்தது. சட்டத்தை மீறாமலே இவ்வளவு மலிவாக ஒரு பெண்ணின் உழைப்பை வாங்க முடிகின்றதே, அதுவே நம் குற்றச்சாட்டு. பின்னர் டொப்ஷொப்பின் தாய்க் கம்பனி 2020இல் வீழ்ந்தது. 'ஐவி பார்க்' அடிடாஸிடம் சென்று 2023இல் முடிவுற்றது. பெயர்ப்பலகைகள் மாறின. தையற்காரியின் பெயரை அன்றும் எவரும் கேட்கவில்லை, இன்றும் கேட்பதில்லை.

அவள் எங்கிருந்து வருகின்றாள்? 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்ட காலந்தொட்டு கிராமத்து யுவதிகள் அங்கு சென்றனர்; மடுல்சீமை, லுணுகலைத் தோட்டங்களின் பிள்ளைகளும் தையல் இயந்திரத்தைத் தேடி மலையிறங்குகின்றனர். சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு புறப்படும் பிள்ளையை நிறுத்தி வைக்க ஆசிரியராகிய நம்மிடம் என்ன இருக்கின்றது? தாய் மலையேறிக் கொழுந்து பறிக்கின்றாள். நிறை குறைந்தால் அரைப்பேர். நாட்கூலி ஆயிரம் ரூபாவாக 2021 வரை காத்திருந்தோம். 2024இல் அது 1,350. 2025 நவம்பரில் வாசித்த வரவுசெலவுத் திட்டத்தில் வரவுப்படியோடு சேர்த்து 1,750 என அறிவிப்பு. இந்தக் கூலியே மகளைக் கொழும்புப் பக்கம் தள்ளுகின்றது. தோட்டத்தில் குடியிருப்பதும் லயன், தொழிற்சாலையில் தைக்கும் வரிசையும் லைன். ஒரே ஆங்கிலச் சொல்தான் தாயையும் மகளையும் இருவேறு இடங்களில் அடைத்து வைத்திருக்கின்றது.

இந்நிலையில் முயன்றால் எவரும் வலிமை பெறலாம், மெலிந்தவர் சோம்பேறிகள் என்று உபதேசம் வேறு! 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 17.3 வீதமானோர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர், தோட்டப்புறத்தில் 31.7 வீதம். வயிற்றில் இருக்கும்போதே தொடங்கிய பசியை எந்தப் பளுதூக்கல் போக்கும்? புரதத்தூள் டப்பாவைக் காட்டும் கை, இக்குழந்தைக்கு நாளொரு முட்டை கிடைக்கின்றதா என்று கேட்டதுண்டா? நமுனுகுலைச் சரிவில் கொழுந்தைச் சுமந்து நாள்முழுதும் ஏறியிறங்கும் பெண்ணின் கால்களைவிட உறுதியான கால்களை எந்தக் கூடத்திலும் நாம் காண இயலாது. ஆனால் அவளுக்கு அது பயிற்சியல்ல, தேய்மானம். நாற்பது கடந்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அமரும் அவளை எவரும் படம்பிடிப்பதில்லை.

ஆடைத் தொழிற்சாலைகளை மூடுக என்றோ, விளையாட்டுடையே வேண்டாம் என்றோ நாம் கூறுவதாக எவரும் திரித்துவிட வேண்டாம். அவ்வேலையும் போனால் அப்பெண்ணுக்கு மறுபடி லயனே கதி. வேண்டுவது வேறு. 2011 மே 30ஆம் திகதி, ஓய்வூதிய மசோதாவை எதிர்த்துக் கட்டுநாயக்கத் தொழிலாளர் வீதிக்கு வந்தனர். பொலிசார் சுட்டதில் ரொஷேன் சானக என்னும் இளந்தொழிலாளி உயிரிழந்தார். அரசாங்கமோ மசோதாவைக் கைவிட நேர்ந்தது. காணொளிகளில் தேடும் வலிமையை அந்த வீதியிலும் நம் மாணவர் காணட்டும்.

அடுத்த முறை அவர்கள் ஒரு விளையாட்டுச் சட்டையை ஆசையோடு எடுக்கும்போது, உட்புறக் கழுத்தில் தைத்த துணித்துண்டையும் புரட்டிப் பார்க்கட்டும். நாட்டின் பெயர் அதில் இருக்கும்; தைத்தவளின் சம்பளம் இராது. அது எவ்வளவு என்று, அச்சட்டையை விற்கும் கட்டுடலரிடமே, அவருடைய காணொளியின் கீழேயே, தமிழில் எழுதிக் கேட்கட்டும்.