நடக்க மாட்டேன் என்று குந்திவிட்ட ஜிம்மி

சென்ற இதழில் வாடகை வீட்டு ஒப்பந்தம் பற்றி எழுதியபோது, நாய் வளர்ப்பதானால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி சேர்த்திருந்தோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வாசகர்கள் சிலர், "உங்கள் வீட்டிலும் நாய் நிற்கிறதா?" என்று கேட்டுவிட்டார்கள். நிற்கிறது. நிற்கிறது என்பதுதான் எமது பிரச்சினையாகவும் இருந்தது.

ஜிம்மி எம்மிடம் வந்தபோது ஐந்து மாதக் குட்டி. மகன் ஜேர்மனிக்கு வந்து ஒரு வருடமாகியும் பள்ளிக்கூடத்தில் வாய் திறக்காமல் இருந்தான். அவனுக்கு ஒரு துணையாக இருக்கட்டும் என்றுதான் சம்மதித்தோம். துணைவியாருக்கு நாய் என்றாலே பயம். சிறுவயதில் தம்பியாரை நாய் கடித்து, வயிற்றில் வரிசையாக ஊசி போட்டதைக் கண்ணால் கண்டவர். அந்தப் பயத்தை நாம் கேலி செய்யமாட்டோம். ஊரில் விசர்நாய்க்கடி உயிரைக் கொண்டுபோகும். ஜேர்மனியில் நரி, நாய் போன்ற விலங்குகளிடம் விசர்நோய் இல்லை என்று 2008 ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டார்கள் என்பதைச் சொல்லித்தான் அவரைச் சமாதானப்படுத்தினோம்.

முதல் இரண்டு கிழமை நன்றாகப் போனது. தை மாதத்தில் ஒருநாள் காலை, சந்தியிலுள்ள பாண் கடைக்கு முன்னால் ஜிம்மி குந்திவிட்டான். கூப்பிட்டோம், அதட்டினோம், கடைசியில் கயிற்றைப் பிடித்து இழுத்தோம். அவன் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு பின்னால் சாய்ந்தான். கடைக்கு வந்தவர்கள் எல்லாம் எம்மையே பார்த்தார்கள். 'வெளிநாட்டுக்காரன் நாயை வதைக்கிறான்' என்று யாராவது அறிவித்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. மகனுக்குப் பள்ளிக்கூடம் பிந்தியது. இப்படி ஐந்து நாள். மாத முடிவில் நாயைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று சொன்னோம். மகன் அழவில்லை, சாப்பிடாமல் எழுந்து போனான்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நாயைக் கயிற்றில் கொண்டு நடப்பது நமது பழக்கத்தில் இல்லாத காரியம். ஊரில் நாய் வளவுக்குள் நிற்கும், படலையடியில் குரைக்கும், தன் விருப்பத்துக்கு ஊர் சுற்றிவிட்டுச் சோற்று நேரத்துக்கு வரும். அதை யாரும் 'நடத்தியது' கிடையாது. ஆகவே, நடக்காத நாய் என்றதும் பிடிவாதம் என்று தீர்ப்பு எழுதிவிட்டோம்.

மூன்றாம் மாடியில் வசிக்கும் மூதாட்டி ஒருவர் ஆறாம் நாள் எம்மைப் படியில் மறித்தார். ஜிம்மியின் பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். விரல்களுக்கு இடையில் தோல் வெடித்துச் சிவந்திருந்தது. பனியை உருக்குவதற்கு வீதியில் தூவும் உப்பு அந்த வெடிப்புக்குள் எரிந்திருக்கிறது. நாம் பிடிவாதம் என்றது அவனுக்கு நோ. அதோடுதான் ஐந்து நாள் இழுத்திருக்கிறோம்.

அன்றே மிருக வைத்தியரிடம் காட்டினோம். நன்றாக நடந்த குட்டி திடீரென்று மறுத்தால், அல்லது நொண்டினால், முதலில் செய்யவேண்டியது இதுதான். பாதம், நகம், மூட்டு எல்லாம் பார்ப்பார்கள். பனிக்காலத்தில் வெளியே போய்வந்ததும் இளஞ்சூட்டு நீரில் பாதங்களைக் கழுவித் துடைக்கச் சொன்னார். கழுவாவிட்டால் நாய் அந்த உப்பை நக்கும்; அதுவும் கூடாது.

பாதம் ஆறியது. ஆனால் அந்தச் சந்தி வந்ததும் ஜிம்மி மறுபடியும் குந்தினான்! புண் போனாலும் பயம் போகவில்லை. குட்டிகள் பிறந்து மூன்றாவது கிழமையிலிருந்து சுமார் பதினான்காவது கிழமை வரை காண்பதையும் கேட்பதையும்தான் இலகுவாக ஏற்றுக்கொள்கின்றன. அதன்பின் எதிர்ப்படும் லொறி, ட்ராம் வண்டி, குடை விரிக்கும் ஆள் எல்லாம் பூதமாகத் தெரியலாம். ஆறேழு மாதத்தில், நமது பிள்ளைகளின் பதினான்கு வயதைப்போல, ஒரு பருவம் வேறு வருகிறது. நேற்றுவரை பயப்படாத குப்பைத் தொட்டிக்கும் இன்று பயப்படும்.

இழுத்தால் நாய் எதிர்ப்பக்கம் இழுக்கும். கழுத்துப் பட்டியில் இழுப்பது தொண்டையையும் நோகச்செய்யும். மார்பைச் சுற்றிப் போடும் பட்டி வாங்கி, முதலில் வீட்டுக்குள்ளே அதைப் போட்டபடி சாப்பாடு வைத்துப் பழக்கினோம். வெளியே அவன் குந்தினால் கயிற்றைத் தளர்த்திவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி நின்றோம். ஒரு அடி வைத்தால் உடனே ஒரு துண்டு இறைச்சி. வராவிட்டால் காத்திருப்பு. குளிரில் காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது வாசகர்களுக்குத் தெரியும். மூதாட்டி இன்னொரு உபாயமும் சொன்னார்: குட்டியைத் தூக்கிக்கொண்டு சந்தியைத் தாண்டிப்போய், அங்கிருந்து வீட்டுப் பக்கமாக நடக்க விடுங்கள். வீடு திரும்ப எந்தக் குட்டியும் மறுக்காது என்றார். அது பலித்தது. முதல்நாள் ஐந்து நிமிடம் மட்டும். ஒரே மூச்சில் நீண்டதூரம் கொண்டுபோவது குட்டிகளுக்கு ஆகாது.

கடைகளில் முள் வைத்த கழுத்துப் பட்டியைக் காட்டி, இதைப் போட்டால் சரிவரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நாயைப் பழக்குவதற்கு முள்பட்டியோ வேறு நோவூட்டும் சாதனமோ பாவிப்பது ஜேர்மனியில் 2022 தை மாதம் முதல் சட்டப்படி தடை. நாயை நகரசபையில் பதிந்து வரி கட்டவும் மறக்கவேண்டாம். தொகை நகரத்துக்கு நகரம் வேறுபடும்.

சாப்பாட்டிலும் நமது பழக்கம் ஒன்றை விடவேண்டியிருந்தது. மிஞ்சிய கறியும் கோழி எலும்பும்தான் ஊரில் நாயின் பங்கு. வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தத்தைக் கெடுப்பவை. சமைத்த கோழி எலும்பு சிராய்போலப் பிளந்து குடலைக் குத்தும். முந்திரிகைப் பழம், சொக்கிலேற் இரண்டும் நஞ்சு.

ஏழு கிழமை எடுத்தது. அதில் பாதி நாட்கள் மகன்தான் மூதாட்டியோடு கூடப்போனான். நாய் ஏன் நிற்கிறது, எதைக் கண்டு பயந்தது, இன்று எத்தனை அடி நடந்தது என்று அவர் கேட்கக் கேட்க அவன் டொச்சில் சொல்லவேண்டி வந்தது. பிழையாகச் சொன்னான்; அவரும் திருத்தவில்லை, ஜிம்மியும் சிரிக்கவில்லை.

இப்போதும் பாண் கடைக்கு முன்னால் ஜிம்மி நிற்பதுண்டு. அது பயத்தால் அல்ல. அங்கே வேலை செய்யும் பெண் ஒருநாள் எதையோ கொடுத்துவிட்டார். வீட்டில் கோழி சமைக்கும் நாட்களில் துணைவியார் உப்பும் தூளும் போடுமுன் நான்கு துண்டை அவித்து, ஆறவைத்து, சிறிய டப்பாவில் போட்டுக் கதவடியில் வைத்துவிடுகிறார். யாருக்கு என்று நாம் கேட்பதில்லை.